பன்னிரண்டு தலைகள்

‘கறுக்... கறுக்...’ பின்னறையிலிருந்து கத்தரிச் சத்தம் கேட்டது. குசினியில் தேயிலை வடித்துக்கொண்டிருந்த ஜவாஹிறா கையை நிறுத்தினாள். அவளுடைய கத்தரி மொட்டை. இப்படி வழுக்கிக்கொண்டு வெட்டாது. முன்னறையில் அஸர் தொழப்போவதாகச் சொல்லி எழுந்த மைனி எங்கே?

அந்தப் பின்னறையில்தான் அவளுடைய மூன்று வருஷ உழைப்புக் கிடந்தது. வெள்ளவத்தையில் ஒரு கந்தோரில் விமான டிக்கெட் போடுகிறவள் அவள். லீவு கிடைத்தால் வில்பத்துக் காடு. ஜீப்பில் குலுங்கியபடியே மிருகங்களைப் பென்சிலால் கீறுவாள். வீட்டில் ஒவ்வொன்றையும் ஓரத்தோடு வெட்டியெடுத்து, பலகையில் பரப்பி, நாட்கணக்கில் இடம் மாற்றிப் பார்ப்பாள். மனம் ஒப்பிய பிறகுதான் பசை, அதற்குமேல் வர்ணம். சனிக்கிழமை கண்காட்சிக்குப் போகவேண்டிய பலகையில் பன்னிரண்டு மிருகங்கள் பசையில்லாமல் கிடந்தன. நடுவில் காது கிழிந்த கிழட்டுச் சிறுத்தை. போன வருஷம் அது செத்துப்போனது. இனி அதைப் பார்த்துக் கீற யாராலும் முடியாது.

ஓடினாள். கணவன் ஷரீபின் மூத்த சகோதரி லுத்பியா, கொட்டாஞ்சேனையில் தையற்கடை வைத்திருப்பவள், பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு மிருகத்துக்கும் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

“என்ன மைனி செஞ்சீக்கிறீங்க?”

“தலையில்லாட்டி உருவமில்ல. இனி வீட்டுல வெச்சாலும் குத்தமில்ல. உருவம் ஈக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க. என்ட தம்பி தொழுற வீட்டுக்கு அவங்க வரவேணாமா?”

“தொழுற ரூம் முன்னுக்கு. நானும் அங்கதான் தொழுறன். இது என்ட ரூம்.”

“நீ தொழுற லட்சணம் காட்டுல தெரியிது. கரடிக்குப் பின்னால ஓடுற பொம்பிள. இனி மரத்தக் கீறு.”

லுத்பியா கைப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டு எழுந்தாள். வெட்டிய தலைகள் அதற்குள்தான் என்று அந்த இறுக்கத்தில் ஜவாஹிறாவுக்கு விளங்கியது. இருபது வருஷமாக இவள்முன் குனிந்தே பழகிய கழுத்து அன்று நிமிர்ந்தது. வாசலை மறித்தாள்.

“பேக்கத் திறங்க.”

“ஷரீபுக்கு கோல் எடுக்கட்டா?”

“எடுங்க. ஜீப் பிடிச்சுத் தாறதே உங்கட தம்பிதான்.”

லுத்பியாவின் முகம் கறுத்தது. பையைப் பலகைமேல் கவிழ்த்தாள். கரடி, மான், மரை, நரி... பதினொன்று.

“சிறுத்தை?”

கசங்கிய உருண்டையொன்றை அவள் கையிலிருந்து வீசினாள். ஜவாஹிறா அதைப் பிரித்து, விரலால் தடவித் தடவி நிமிர்த்தினாள். கண்ணீர் பென்சில் கோட்டில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெற்றிக்குக் குறுக்கே ஒரு மடிப்பு. முன்னைவிட அது முறைத்தது.

உடம்புகளை ஒரே தள்ளில் ஒதுக்கினாள். பன்னிரண்டு தலைகளையும் நெருக்கி அடுக்கினாள். சிறுத்தை நடுவில்.

“உங்கட கத்தரி நல்ல கூர், மைனி. நான் வெட்டினா இவ்வளவு நறுவிசா வந்தீக்காது. சனிக்கிழமை தலை மட்டும்தான் போகும். வெட்டினவட பேரும் போடவா?”

“அல்லாஹ் பாத்துக்கொள்ளுவான்.”

“பாத்துக்கொண்டுதான் ஈக்கிறான். தேயிலை ஆறிப்போச்சு, குடிக்காமலே போங்க. இனி ஷரீப் ஈக்கிற நேரத்துல மட்டும் வாங்க.”

லுத்பியாவின் செருப்புச் சத்தம் படிகளில் இறங்கியது. ஜவாஹிறா கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள்.