நாக்பூர் வரைக்கும் சூடு

மேற்குத் தாம்பரத்தில் பொன்னுரங்கம் கடை எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். கொள்ளி கடை என்று கேட்க வேண்டும். "ஒயரிங் கொள்ளிதானே? அந்தோணிசாமி டெலிபோன் பூத்துக்கு அடுத்த கடை" என்று உடனே கை நீளும்.

அந்தப் பெயரை அவனுக்கு வைத்தவர் ஜீவரத்தினம்.

பொன்னுரங்கம் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரன். அவன் அப்பா நிலத்தை மனை போட்டு விற்றுத் தின்று தீர்த்தபிறகு, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஜீவரத்தினத்தின் புல்லட் ஒர்க்‌ஷாப்பில் வந்து சேர்ந்தான். இன்ஜின் வேலை முழுக்க ஜீவரத்தினம். ஒயரிங் முழுக்க இவன். ஜீவரத்தினத்துக்குக் கரண்டு என்றாலே ஆகாது. பேட்டரியைக் கூடத் துணி சுற்றித்தான் தொடுவார்.

எண்பத்தாறில் ஒரு காண்டிராக்டரின் வண்டி வந்தது. பெட்ரோல் டேங்க்கின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இறுக்க வேண்டியவர் ஜீவரத்தினம். "சாப்ட்டுட்டு வந்து பாத்துக்கலாம்" என்று போய்விட்டார். திரும்பி வந்தவர் அதை மறந்து கிக்கரை உதைத்தார். குப்பென்று பிடித்தது. ஆள் எகிறித் தப்பித்தார். வண்டி கரிக்கட்டையானது. தெருவே கூடி நின்று என்ன ஆச்சு என்று கேட்டபோது, மனுஷன் கொஞ்சமும் கூசாமல் பொன்னுரங்கத்தைக் கை காட்டினார்.

"ஒயரிங் இவன் வேலை. கொள்ளி வச்சிட்டான் பாவி."

அன்றோடு வேலை போனது. அதைவிடப் பெரிய கேடு, பெயர் ஒட்டிக்கொண்டது. தனியாகக் கடை போட்டும் நல்ல வண்டி ஒன்று வரவில்லை. லாரிக்கு ஹாரன், ஆட்டோவுக்குப் பின்விளக்கு என்று காலம் ஓடியது. தண்ணீர்க் குழாயடியில் அவன் பெண்டாட்டி கிளியம்மாளைக்கூட, "கொள்ளி வூட்டுக்காரி வர்றா, நவுருங்கடி, பத்திக்கப் போவுது" என்றார்கள். இவன் அதையெல்லாம் விழுங்கினானே தவிர செரிக்கவில்லை.

தொண்ணூற்றைந்து மே மாதம் ஜீவரத்தினமே புல்லட்டில் வந்து கடை வாசலில் இறங்கினார். கையில் ஓர் அட்டைப்பெட்டி.

"இன்னாடா கொள்ளி, பொழப்பு எப்டி கீது?"

"ஏதோ ஓடுது சார்."

"நம்ப பசங்களோட லடாக் போறேன்டா. கூட்டத்துக்கு நான்தான் லீடர். அங்க குளுருல வெரல் வெறச்சிப் பூடுமாம். ஜெர்மனிலேர்ந்து என் தம்பி இத்த அனுப்பிச்சிருக்கான். ஹேண்டில்ல மாட்டிக் கரண்டு குடுத்தா கைப்பிடி சூடாவுமாம்."

எதிர் டீக்கடையில் சிரிப்பு கிளம்பியது. "மே மாசத் தாம்பரத்துல கைப்பிடிக்கு ஹீட்டரா? அப்டியே சீட்டுக்கடியில ஒரு ஸ்டவ்வும் வச்சிக்க சார், டீ போட்டுக்கலாம்!"

"ஒன் கடையில ஆளு இல்லியா சார்?" என்றான் பொன்னுரங்கம்.

"பொட்டியத் தொறந்து பாத்துட்டு மூடிட்டானுங்க. கரண்டு வேலையில நீ கெட்டிக்காரன்டா. அது எனக்கு அன்னிக்கே தெரியும்."

பொன்னுரங்கத்துக்கு உச்சி வரைக்கும் ஏறியது.

"அன்னிக்கே தெரியும்னா, அந்த வண்டி?"

"அட, அத்த இன்னுமா மனசுல வச்சிகினு கீற? ஊருக்கு எதுனா ஒண்ணு சொல்லணும், சொன்னேன்."

"அந்த ஒரு வார்த்தைய இவுங்க காதுல போட்டுட்டுப் போ சார். எனக்குப் போதும்."

ஜீவரத்தினம் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு வண்டிச் சாவியை மேஜைமேல் எறிந்தார். "வேலையப் பாருடா கொள்ளி."

மத்தியானம் பழைய ரப்பர் பிடிகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பசை தடவி ஏற்றினான். கிளட்ச் பக்கம் தொல்லையில்லை, பிடி அசையாது. ஆக்சிலேட்டர் பக்கம் அப்படியில்லை. பிடி கையோடு சுற்றும். அதனால் ஒயரைத் தொளதொளவென்று ஒரு வளையம் விட்டுக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் முறுக்கியது முறுக்கியபடி நின்றுவிடும், வண்டி பாய்ந்துவிடும். பொன்னுரங்கம் இறுக்கிக் கட்டினான். பியூசையும் எடுத்து டப்பாவுக்குள் போட்டுவிட்டு ஒயரை நேராக முறுக்கினான்; எங்கேயாவது உரசினால் பற்றிக்கொள்ளும்.

சோற்றுத் தூக்கோடு வந்த கிளியம்மாள் அதைப் பார்த்தாள். கடைக்காரன் பெண்டாட்டி, அவளுக்குத் தெரியாதா என்ன?

"யாரு வண்டி இது?"

"அவன்து."

தூக்கைக் கீழே வைத்தாள். "இது எங்கியாவது வுழுந்து எரிஞ்சா ஊரு இன்னா சொல்லும், யோசிச்சியா? ஜீவரத்தினம் அன்னிக்குச் சொன்னது சரியாப் போச்சு, கொள்ளி மறுபடியும் வச்சிட்டான்னு சொல்லும். அவன் பொய்ய நீயே நெசமாக்கிக் குடுக்கப் போறியா?"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. அவனுக்கு ஆவணும். அதுக்கு எதுனா வழியிருந்தா பண்ணு. இல்லேன்னா சோத்தத் துன்னுட்டுச் சும்மா கெட."

அவள் போனபின் கட்டை அவிழ்த்தான். வளையம் விட்டுக் கட்டினான். பியூசைத் திரும்பப் போட்டான். பிறகு பெட்டியில் வந்திருந்த சுவிட்சைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். காலையிலிருந்து வந்தவன் போனவன் அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி: சூடாகுமா? அணையுமா என்று ஒருத்தன் வாயிலும் வரவில்லை.

பொன்னுரங்கத்துக்கு வழி கிடைத்துவிட்டது.

கைப்பிடிக்குப் போகும் கரண்டை நேராகச் சாவியிலிருந்து எடுத்தான். சாவி போட்டால் சூடு, சாவி எடுத்தால்தான் ஆறும். சுவிட்சுக்குக் கொடுத்தது அதன் தலையிலிருந்த சின்னச் சிவப்பு விளக்கை மட்டும். பேட்டரியைப் பெரிதாக மாற்றினான். கலர் ஒயரை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் கறுப்பிலேயே இழுத்து, பிடியோரத்திலிருந்தே வண்டியின் கறுத்துப்போன பழைய ஒயர்களோடு சேர்த்து டேப் சுற்றி ஹெட்லைட்டுக்குள் தள்ளினான். பற்றிக்கொள்ள இடமில்லை, நின்றுபோக வழியில்லை. அவன் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான்.

ஜீவரத்தினம் வண்டி எடுக்க வந்தபோது, மீன் மார்க்கெட்டிலிருந்து ஒரு பாளம் ஐஸ் வாங்கி வைத்திருந்தான்.

"ரெண்டு கையும் இதுமேல வை சார். வெறைக்கட்டும்."

வைத்தார். பல்லைக் கடித்தார். பிறகு இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பிடிகளைப் பற்றினார். முகம் மலர்ந்தது. "அடடடா! பஞ்சு ஒத்தடம் மாதிரி கீதுடா!"

சுவிட்சைத் தட்டினார். விளக்கு அணைந்தது. கைப்பிடி சுட்டது. ஆனால் வெயிலில் நின்ற வண்டியின் பிடி தாம்பரத்தில் எப்போதுதான் சுடவில்லை? கிளம்பிவிட்டார்.

அவர் ஊரைவிட்டுப் போன அந்த வாரமே அந்தோணிசாமி பூத்திலிருந்து தலையை நீட்டினார். "கொள்ளி, ஒனக்குத்தான் போன். ஜீவரத்தினம், நாக்பூர்லேர்ந்து. கத்துறாரு."

"டேய், இன்னாடா பண்ணி வச்சிருக்க? அணைச்சாலும் சூடு போவல! இங்க வெயிலு மண்டையப் பொளக்குது, உள்ளங்கை ரெண்டும் கொப்புளம்!"

"அணைச்சா வெளக்கு அணையுதா சார்?"

"அணையுது."

"அப்போ சுவிட்சு நல்லாத்தான் கீது."

"ஈரத்துண்டு சுத்திகினு ஓட்டறேன்டா, ஆவி வருது! பசங்க இட்லி குண்டான்னு சிரிக்கிறானுங்க!"

"ஒயர அறுத்துடு."

"எத்த அறுக்கிறது? எல்லாம் கறுப்பு! இங்க ஒருத்தன் தொறந்து பாத்துட்டுக் கும்பிடு போட்டுட்டான். எதுன்னு சொல்லுடா!"

"சொல்றேன். மொதல்ல காண்டிராக்டர் வண்டி எப்டி எரிஞ்சுதுன்னு அந்தோணிசாமி கையில சொல்லு."

ஜீவரத்தினம் டொக்கென்று வைத்துவிட்டார்.

பொன்னுரங்கம் பூத் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. டீக்கடையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு பூத் வாசலில் நிற்க வைத்தான். "இருங்க, கூப்புடுவாரு" என்றான்.

மறுபடி மணி அடித்தது. ரிசீவர் அந்தோணிசாமி காதில். எண்பத்தாறில் அந்தக் கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்தான் அவரும். மாதா கோவிலில் வேதபாடம் வாசிப்பவர், குரல் நன்றாக எழும். கேட்டதை வரி வரியாக வெளியே சொன்னார்.

"டேங்க் குழாய் சொட்டிச்சாம்... இறுக்க வேண்டியது இவராம்... மறந்துட்டாராம்..." ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு பொன்னுரங்கத்தைப் பார்த்தார். "ஒயரிங்ல ஒரு கோளாறும் இல்லியாம்பா."

வாசலில் ஒருத்தனும் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரன் மட்டும், "அடப்பாவி மனுஷா" என்றான், யாரைப் பார்த்தும் இல்லாமல்.

"எந்த ஒயருன்னு கேக்குறாரு" என்று அந்தோணிசாமி ரிசீவரை நீட்டினார்.

பொன்னுரங்கம் வாங்கினான். சொல்லிவிடலாம், இரண்டு வார்த்தை. கிளியம்மாள் தூக்கோடு தெருமுனையில் திரும்புவது தெரிந்தது.

"இன்னும் சாப்பிடல சார். நீ ஜபல்பூர் போய்ச் சேர்ந்துட்டுப் போன் போடு. சொல்றேன்."

வைத்துவிட்டான்.

"அங்கியும் வெயிலு இருக்குமா?" என்றாள் கிளியம்மாள், விஷயம் கேட்டுவிட்டு.

"வழி நெடுக இருக்கும்" என்றார் அந்தோணிசாமி.

"இருக்கட்டும்" என்று சொல்லி அவள் சோற்றைப் பிசைந்து போட்டாள். பொன்னுரங்கம் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான்.