சம்பூர்ணம் காருக்குப் பாட்டு வைத்த கதை

குடியாத்தத்தில் விசைத்தறி வீட்டுக்கு மருமகளாக வந்ததிலிருந்து சம்பூர்ணம் எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்டதில்லை. வீட்டின் முன்பக்கம் குடும்பம், பின்பக்கம் தறிக்கொட்டகை. காலையில் மோட்டார் சுவிட்சைப் போட்டால் சுவரே அதிரும். ரேடியோ என்னவோ பாடிக்கொண்டுதான் இருக்கும். பல்லவியில் ஒரு சொல் காதில் விழும், அடுத்த சொல்லைத் தறி எடுத்துக்கொள்ளும். அரைகுறையாகக் கேட்ட பாட்டுகளுக்குத் தானே வார்த்தை போட்டு, லுங்கி மடித்தபடி பாடுவாள். அவள் பாடுவதும் யாருக்கும் கேட்காது.

கணவர் ராஜவேலு நல்ல மனிதர். ஆனால் சத்தம் போட்டுத்தான் பேசுவார். தறியோடு வளர்ந்தவருக்கு அதுதான் சாதாரணக் குரல். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொன்னால்கூட முன்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

லுங்கி பண்டல்களை ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் கடைகளில் கொண்டுபோய்ப் போட ஓர் ஆள் இருந்தான். அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். வேறு ஆள் தேடிக்கொண்டிருந்த ராஜவேலுவிடம், நானே கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றாள் சம்பூர்ணம். ஐம்பதைத் தொடும் வயசு. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவர் நினைத்தார். அடுத்த வாரமே அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள்.

அங்கே அவளோடு சேர்ந்த இன்னொரு பெண் அஃப்ஷா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் வேலை. புது மாடலுக்கு அட்டையில் அளவு வெட்டி, முதல் ஜோடியைத் தைத்துப் பார்க்கிற இடம் அது. தினமும் குடியாத்தத்திலிருந்து ரயிலில் போய் வருவாள். சம்பூர்ணத்தைவிட வயசில் ரொம்பச் சின்னவள். ஒருத்தி ஓட்ட, இன்னொருத்தி பின்சீட்டில் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ள, லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் இருவரும் நல்ல தோஸ்த் ஆகிவிட்டார்கள்.

ராணிப்பேட்டையில் ஒருவர் துணி போட்டு மூடி வைத்திருந்த பழைய கார் ஒன்றை வாங்கினார்கள். அதைச் செய்த கம்பெனி நாட்டை விட்டே போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் கெட்டியான உடம்பு, பெரிய டிக்கி. எத்தனை பண்டல் ஏற்றினாலும் முகம் சுளிக்காது. டேஷ்போர்டு நடுவில் ஒரு கேசட் பிளேயர் இருந்தது. அது எப்போதோ வாயை மூடிவிட்டது.

தனியாகக் காரை எடுத்துக்கொண்டு முதன்முதலாக மாதனூர் ரோட்டில் போன அன்றைக்குத்தான் சம்பூர்ணத்துக்கு ஒன்று உறைத்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே சத்தமே இல்லை. லாரி ஹாரன்கூட எங்கேயோ தூரத்தில் கேட்டது. இந்த இடத்தில் ஒரு பாட்டு ஓடினால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். அப்புறம் அவளுக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

வேலூரில் சரக்கு இறக்கப் போனபோது ஒரு கடையில் டச் ஸ்கிரீன் ஸ்டீரியோவைப் பார்த்து வாங்கிவிட்டாள். பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்து, அதற்கும் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தாள். நேராக ஆம்பூருக்கு விட்டாள். அஃப்ஷாவின் தம்பி தபரேஸ் அங்கே கார் சாமான் கடை வைத்திருக்கிறான். ஷிப்ட் முடிந்து அஃப்ஷாவும் வந்து சேர்ந்தாள்.

தபரேஸ் டேஷ்போர்டு மூடியைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பழைய பிளேயரும் அதைச் சுற்றியிருந்த முகப்பும் ஒரே அச்சில் வார்த்தவை. அதை எடுத்தால் மேலே அகலம், கீழே குறுகலாக ஒரு கோணல் ஓட்டை மிஞ்சும். புது ஸ்டீரியோவோ செங்கல் மாதிரி நேர் செவ்வகம். மற்ற கார்களுக்கு இந்த இடைவெளியை மூட ரெடிமேடாக பிரேம் கிடைக்கும், இந்தக் காருக்கு மட்டும் கிடையாது என்றான். சென்னைக்கும் பெங்களூருக்கும் போன் போட்டுக் கேட்டான். அங்கேயும் அதே பதில்தான். வேண்டுமானால் எதையாவது அடைத்து ஒட்டித் தருகிறேன், ஆனால் கார் மூஞ்சி பேஜாராகிவிடும் அக்கா, திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் நல்லது என்றான்.

சம்பூர்ணம் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அஃப்ஷா காருக்குள் தலையை நுழைத்து அந்த ஓட்டையின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். தடவிவிட்டு வெளியே வந்து சொன்னாள்:

"பிரேம்தானே இல்ல? நாமளே செய்வோம்க்கா."

சம்பூர்ணம் பெட்டியை மறுபடி சீட்டில் வைத்து பெல்ட்டைப் போட்டாள். தபரேஸ் சிரித்தான், ஆனால் தடுக்கவில்லை. ஒயரில் கரண்ட் இருந்தால் எரிந்து காட்டும் தன்னுடைய டெஸ்ட் லாம்பைக் கொடுத்தான். ஒயரைச் சேர்க்கும்போது பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும், பியூஸ் இல்லாமல் எதையும் சேர்க்கக் கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. காலையிலேயே அஃப்ஷா பையோடு வந்துவிட்டாள். பழைய பிளேயரைக் கழற்றி வெளியே இழுத்தபோது பின்னால் ஒயர்கள் கொத்தாகத் தொங்கின. ராஜவேலு வாசலில் நின்று பார்த்துவிட்டு, நன்றாக இருந்த காரைப் பிய்த்துப் போட்டுவிட்டீர்களே என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அஃப்ஷா முதலில் டேப்பை எடுத்தாள். ஷூவுக்கு அளவு எடுக்கும்போது கால் அச்சின் மேல் காகித டேப்பை ஒட்டி, கோடு போட்டு, உரித்து அட்டையில் விரித்துவிடுவார்கள். மேடு பள்ளம் எல்லாம் அட்டைக்கு வந்துவிடும். அதே மாதிரி டேஷ்போர்டு ஓட்டையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப்பை ஒட்டினாள். பென்சிலை விளிம்பு ஓரமாக ஓட்டினாள். உரித்து அட்டையில் விரித்ததும், அந்தக் கோணல் வாய் அப்படியே அட்டையில் இறங்கியிருந்தது. நடுவில் ஸ்டீரியோ அளவுக்குச் செவ்வகம் வெட்டி ஓட்டையில் வைத்துப் பார்த்தாள். ஒரு மயிரிழைகூட இடைவெளி இல்லை. சம்பூர்ணம் அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிவிட்டாள்.

அடுத்தது ஒயர். பழைய காரின் ஒயர் நிறம் ஒன்றும் புது ஸ்டீரியோ பேப்பரில் போட்டிருந்த நிறத்தோடு ஒத்துவரவில்லை. டெஸ்ட் லாம்பின் கிளிப்பைக் கார் இரும்பில் மாட்டிவிட்டு, ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்தார்கள். சாவி போடாதபோதே ஒரு ஒயரில் லாம்ப் எரிந்தது. அது பேட்டரியிலிருந்து நேராக வருவது. இன்னொன்றில் சாவியைத் திருப்பினால் மட்டும் எரிந்தது. எரியும்போதெல்லாம் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள்.

ஸ்பீக்கர் ஒயரைக் கண்டுபிடிக்க தபரேஸ் ஒரு வழி சொல்லியிருந்தான். இரண்டு முனையைப் பென்சில் பேட்டரியில் ஒரு கணம் தொட்டால், அதற்குரிய ஸ்பீக்கர் 'டப்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அஃப்ஷா உள்ளே உட்கார்ந்து தொட்டாள். சம்பூர்ணம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு கதவாக ஓடிக் காதை வைத்தாள். முன்பக்க வலது கதவு 'டப்' என்றது. முன்பக்க இடது கதவும் சொன்னது. பின்பக்க வலதும் மெல்லச் சொன்னது. கடைசிக் கதவு மட்டும் ஊமையாக இருந்தது. அஃப்ஷா மாற்றி மாற்றித் தொட்டும் பலன் இல்லை.

அந்த நேரத்தில் ராஜவேலு வந்து நின்றார். இன்னா தேடுறீங்க என்று கேட்டார். சொன்னதும் குனிந்து கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார். தறி சரியாக ஓடுகிறதா என்று அவர் காதால் பார்ப்பதில்லை, கையை வைத்துத்தான் பார்ப்பார். அஃப்ஷாவை மறுபடி தொடச் சொன்னார்.

"இங்க அடிக்குது. ஒயர் சரிதான், ஸ்பீக்கர்தான் கிழிஞ்சிருக்கும்," என்றார்.

கதவைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பீக்கர் காகிதம் நார்நாராகக் கிடந்தது. அப்புறம் அவர் உள்ளே போகவில்லை. சேர்த்த ஒயர்களுக்கு டேப் சுற்றும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினாள் சம்பூர்ணம். மடியில் கிடந்த ஸ்டீரியோ வெளிச்சமானது. போனை அதோடு இணைத்து ஒரு பழைய பாட்டைத் தட்டினாள். மூன்று கதவிலிருந்தும் பாட்டு எழுந்தது. கல்யாணம் ஆன புதிதில் ரேடியோவில் அரைகுறையாகக் கேட்ட பாட்டு அது. இப்போதுதான் சரணத்தில் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தது. அவள் போட்டுவைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூடச் சரியில்லை. சிரிப்பும் அழுகையுமாக வந்தது அவளுக்கு. முடியும்வரை யாரையும் பேச விடவில்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

ஷூ கம்பெனியில் உள்ளங்காலுக்குப் போடுகிற கெட்டி அட்டை ஒன்றை அஃப்ஷா கொண்டு வந்திருந்தாள். அதை அளவுக்கு வெட்டி, ஆம்பூர் துண்டுத்தோல் கடையில் வாங்கிய மெல்லிய கறுப்புத் தோலை மேலே ஒட்டி, ஓரத்தை மடித்து, சுற்றிலும் ஒரு தையல் ஓட்டினாள். ஸ்டீரியோவை அதில் பொருத்தி ஓட்டையில் அழுத்தினார்கள். காரோடு பிறந்தது போல உட்கார்ந்தது. ராஜவேலு விரலால் அந்தத் தையலைத் தடவிப் பார்த்தார்.

அந்தச் சந்தோஷம் வேலூர் வெயில் வரைக்கும்தான். மறுநாள் சரக்கோடு போன சம்பூர்ணம், காரை வெட்டவெளியில் நிறுத்திவிட்டுக் கடை கடையாகப் போய் வந்தாள். திரும்பி வந்தபோது கதவைத் தொட முடியவில்லை. ஸ்டீரியோ லேசாகப் பின்னால் சாய்ந்திருந்தது. சூட்டில் அட்டை இளகியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. பாட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பள்ளிகொண்டா தாண்டி ஒரு வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. ஸ்டீரியோ 'சொத்' என்று டேஷ்போர்டுக்குள் விழுந்து மறைந்துவிட்டது.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. காரின் வயிற்றுக்குள் கிடந்தபடி ஸ்டீரியோ ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கிரீனைத் தொட்டு அணைக்க வழியில்லை, அடுத்த பாட்டுக்கு மாற்றவும் வழியில்லை. வண்டியை ஓரங்கட்டி, கைபேசியில் அஃப்ஷாவைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொல்லத் தொடங்கியவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்தப் பக்கம் அஃப்ஷா சாம்பிள் ரூமில் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். போன் எதை அனுப்புகிறதோ அதைக் கேட்டுக்கொண்டே சம்பூர்ணம் குடியாத்தம் வரை வந்து சேர்ந்தாள்.

அட்டை வேலைக்காகாது என்று தெரிந்துபோனது. பிளைவுட் தடிமன் ஜாஸ்தி, பிளாஸ்டிக்கும் வெயிலுக்கு வளையும். வேறு என்ன இருக்கிறது என்று பெண்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது ராஜவேலு கொட்டகைக்குள் போனார். ஓடாமல் நிற்கும் ஒரு தறியின் பழைய சுவிட்ச் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஹைலம் ஷீட். மின்சாரச் சூட்டுக்கே அசையாத தகடு.

"இது வளையாது. அறுத்துக்கோங்க," என்றார்.

அறுத்ததும் அவர்தான். ரம்பப் பிளேடைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, அஃப்ஷா போட்ட கோட்டின் மேலேயே ஓட்டி, அரத்தால் ஓரத்தைத் தேய்த்து எடுத்தார். தகடு தயாரானதும் இன்னொன்றையும் கேட்டார்: முன்னால் மட்டும் பிடித்தால் போதுமா, இவ்வளவு கனமான சாமானுக்குப் பின்னால் பிடிப்பு வேண்டாமா? அஃப்ஷா தலையில் கை வைத்துக்கொண்டாள். அதை யாருமே யோசிக்கவில்லை. ஓட்டை போட்ட இரும்புப் பட்டை ஒன்றை வளைத்து, ஸ்டீரியோவின் பின்பக்க ஸ்குரூவையும் டேஷ்போர்டுக்குள் இருந்த குறுக்குக் கம்பியையும் சேர்த்துக் கட்டினார்கள். புதுத் தகட்டுக்கு அஃப்ஷா மறுபடி தோல் தைத்தாள். இந்த முறை கறுப்புத் தோலில் சிவப்பு நூல்.

அடுத்த ஞாயிறு மூவருமாக சோளிங்கர் மலைக்கோயிலுக்குப் போனார்கள். ராஜவேலு முன்சீட்டில். அதுவரை அவள் ஓட்டும் காரில் அவர் ஏறியதில்லை. வேகத்தடை வரும்போதெல்லாம் மூன்று பேரும் ரோட்டை விட்டுவிட்டு ஸ்டீரியோவைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. வழியில் ராஜவேலு சத்தத்தைக் கூட்டினார், அப்புறம் இன்னும் கொஞ்சம் கூட்டினார். மலையடிவாரம் வருவதற்குள் அவரும் பாட ஆரம்பித்துவிட்டார். வழக்கம்போல உரக்கத்தான். பக்கத்தில் போன பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் சுருதி எங்கேயோ போனது, சம்பூர்ணம் ஸ்டியரிங்கில் தாளம் போட்டாள், பின்சீட்டில் அஃப்ஷா இருவரையும் வீடியோ எடுத்தாள்.

அந்த வீடியோவைத் தபரேஸ் தன் கடையில் வருபவர்களுக்கெல்லாம் காட்டினான். பிரேம் கிடைக்காத வண்டியா, எங்க அக்காங்ககிட்ட போங்க என்று அனுப்பவும் தொடங்கினான். முதலில் வந்தவர் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து விவசாயி, குமரன் என்று பெயர். ஞாயிறு காலை தெருவில் தடதடவென்று சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தால், அவர் டிராக்டரோடு நிற்கிறார். கையில் புது ஸ்டீரியோ.

உழும்போது பாட்டு வேண்டுமாம். சம்பூர்ணம் டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். டேஷ்போர்டும் இல்லை, கதவும் இல்லை, கூரைகூட இல்லை.

"இதுல எங்கங்க வைக்கிறது?" என்று கேட்டார் ராஜவேலு.

சம்பூர்ணம் செருப்பைக் கழற்றிவிட்டு டிராக்டர் மேல் ஏறி, சீட்டில் உட்கார்ந்து, மட்கார்டு பக்கம் கையை நீட்டி எட்டுகிறதா என்று பார்த்தாள். கீழே அஃப்ஷா அதற்குள் மட்கார்டு வளைவை முழம் போட்டுக்கொண்டிருந்தாள்.