சிபாரிஸ் நகரமும் எங்கள் ஐந்து முக விளக்கும்

பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள் சரித்திரப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. பழைய கிரேக்க நகரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்து ஆசிரியர்கள் எழுதிவைத்ததை மட்டும் கொண்டு அதன் வரலாற்றைச் சொல்ல வேண்டும். ஏதென்ஸையும் ஸ்பார்ட்டாவையும் முந்திக்கொண்ட பிள்ளைகள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இவளுக்கு மிஞ்சியது சிபாரிஸ். கிரேக்க நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் இத்தாலியின் தென்கோடியில் குடியேறிப் பணக்காரர்களான ஊர். அதாவது, எங்களைப் போன்றவர்கள் வந்து குடியேறிய அமெரிக்க ஊரான பார்சிப்பனி மாதிரி, அவர்களுடைய பார்சிப்பனி.

அதே வாரங்களில் நானும் வரலாறு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு இருபத்தைந்து வயது. வெள்ளி விழா மலரில் 'சங்கம் வளர்ந்த கதை' என்று எட்டுப் பக்கம் வேண்டுமாம். தொடங்கிய நாளிலிருந்து இருப்பவன், ஓரளவு பிழையில்லாமல் எழுதுகிறவன், கேட்டால் மறுக்கத் தெரியாதவன் என்ற மூன்று தகுதிகளும் ஒருசேர இருந்ததால் என் தலையில் கட்டினார்கள். சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் சிபாரிஸ், இன்னொரு பக்கம் சங்கம். நடுவில் சாம்பார் பாத்திரத்துக்கு இடம் கேட்டு என் மனைவி தினமும் போராடினாள்.

சிபாரிஸ்காரர்களைப் பற்றிப் பழைய புத்தகங்கள் சொல்லும் கதைகளைக் கேட்டால் சிரிப்பு வரும். தூக்கம் கெடுகிறது என்று ஊருக்குள் சேவல் வளர்க்கத் தடை போட்டார்களாம். ரோஜா இதழ்கள் பரப்பிய படுக்கையில் படுத்த ஒருவன் உடம்பெல்லாம் கொப்புளம் என்று புலம்பினானாம். பெண்களை விழாவுக்கு ஒரு வருஷம் முன்பே அழைத்துவிடுவார்களாம், உடையும் நகையும் தயார் செய்துகொள்ள நேரம் வேண்டும் என்று. இதைக் கேட்டதும் என் மனைவி, "நியாயந்தானே? ப்ளவுஸ் தைக்கக் குடுத்து ஊர்ல இருந்து வர வேண்டாமா?" என்றாள்.

ஆனால் மகளின் டீச்சர் கதையோடு விடுகிறவர் இல்லை. எழுதினவர் யார், சம்பவம் நடந்து எத்தனை வருஷம் கழித்து எழுதினார், யார் பக்கத்து ஆள், இப்படி எழுதுவதில் அவருக்கு என்ன லாபம் என்று ஒவ்வொரு செய்திக்கும் கட்டம் போட்டு நிரப்ப வேண்டும். நிரப்ப நிரப்பத்தான் விஷயம் வெளியே வந்தது. சிபாரிஸ்காரர் ஒருவர் தன் ஊரைப் பற்றி எழுதிய வரலாறு ஒன்றுகூட மிஞ்சவில்லை. பக்கத்து ஊரான குரோட்டோன் படையெடுத்து வந்து நகரத்தை அழித்து, ஆற்றையே அதன்மேல் திருப்பிவிட்டது. சேவல் கதையும் ரோஜாக் கதையும் பல நூற்றாண்டு கழித்து யார் யாரோ எழுதியவை. "அப்பா, செத்துப்போன ஊரைப் பத்தி யார் வேணா எது வேணா எழுதலாம், யாரும் கம்ப்ளெயின் பண்ண மாட்டாங்க" என்றாள். அவள் சொன்னது ஆங்கிலத்தில். என் வீட்டில் தமிழ் போகும், ஆங்கிலம் திரும்பி வரும்.

கதை அங்கே முடியவில்லை. தப்பிப் பிழைத்த சிபாரிஸ்காரர்களின் வாரிசுகள் இரண்டு மூன்று தலைமுறை கழித்து, கிரேக்க நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு அதே பக்கத்தில் மறுபடி ஊர் அமைத்தார்கள். அமைத்ததும் பழைய ஆட்கள் சட்டம் போட்டார்கள். பெரிய பதவிகள் எங்களுக்கு. ஊரை ஒட்டிய நிலம் எங்களுக்கு. தெய்வத்துக்குப் பலி கொடுக்கும்போது எங்கள் வீட்டுப் பெண்கள்தான் முதலில், புதிதாக வந்தவர்களின் பெண்கள் பிறகு. புதிதாக வந்தவர்கள் எண்ணிக்கையில் அதிகம். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு பழைய ஆட்களில் அநேகமாக எல்லாரையும் கொன்றுவிட்டார்கள்.

"யார் முதல்ல போறதுங்கறதுக்காகவா? சோ ஸில்லி!" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பேச்சை மாற்றி, தோசைக்கு மாவு இருக்கிறதா என்று கேட்டேன்.

எங்கள் சங்கத்தைத் தொடங்கியவை ஐந்து குடும்பங்கள். குத்துவிளக்குக்கு முகம் ஐந்து. இந்தக் கணக்கு அமைந்தது எங்கள் கெட்ட நேரம். ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் ஐந்து வீட்டுப் பெண்களும் பட்டுப்புடவையில் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு முகம் ஏற்றுவார்கள். ஏற்றுவார்கள் என்பதும் மரியாதைக்குத்தான். விழா நடப்பது பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில். ஒரு வருஷம் நாங்கள் கற்பூரம் கொளுத்தப் போய், அலாரம் அடித்து, இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்து, பொங்கல் வாசலிலேயே பொங்கியது. அன்றிலிருந்து நெருப்பு கூடாது. விளக்கின் ஒவ்வொரு முகத்திலும் பேட்டரியில் எரியும் குட்டி மெழுகுவர்த்தி வைப்போம். அடியில் பொத்தான். ஐந்து பெண்கள் பயபக்தியோடு அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, நகத்தால் பொத்தானைத் தள்ளி, திரும்ப வைத்துக் கும்பிடுவார்கள்.

பார்சிப்பனியில் புதுக் குடும்பங்கள் நிறைய வந்தன. நாற்காலி போட்டார்கள், பார்க்கிங் பார்த்தார்கள், முந்நூறு பேருக்கு வடை சுட்டார்கள். ஒருநாள், எங்களில் ஒருத்தரும் ஒரு முகம் ஏற்றட்டுமே என்று கேட்டார்கள். செயற்குழு கொதித்துப்போனது. ஜெர்சி சிட்டியில் ஒரே அறையில் நாலு பேர் படுத்து, பனியில் ரயிலுக்கு நின்று வளர்த்த சங்கமாம். நேற்று வந்தவர்கள் பொத்தானைத் தள்ளுவதா?

அந்த ஒரே அறையில் என் பக்கத்துப் பாயில் படுத்தவன்தான் புதியவர்களுக்காகப் பேசியவன். என் நண்பன். ஐந்து குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. "என் வைஃப் ஏத்தற எடத்த அவங்களுக்குக் குடுத்துருங்கடா, விஷயம் முடிஞ்சுது" என்றான். அவன் மனைவியும் சரி என்றுதான் சொன்னாள். அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் மகள் பிறந்த அன்று நான் ஆபீசில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். குழந்தையை முதலில் வாங்கியதும் அவள்தான்.

செயற்குழு புதியவர்களுக்கு முடியாது என்று சொல்லிவிட்டது. அந்தப் பொங்கலுக்கு நான் தொகுப்பாளர். காலையிலேயே பெயர்ப் பட்டியல் என் கைக்கு வந்தது. நாலு வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஐந்தாவதாகச் சிறப்பு விருந்தினரின் மனைவி. நண்பனுக்கு ஒரு பாடமாம். நான் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, நண்பனிடமும் சொல்லவில்லை. மாலையில் மைக்கைப் பிடித்து, கணீரென்று வாசித்தேன். பழக்க தோஷத்தில் நண்பனின் மனைவி மேடைக்கு ஏறி வந்திருந்தாள். ஐந்து பெயரையும் படித்துவிட்டு, அடுத்து நடனம் என்று அறிவித்தேன்.

அதோடு போயிற்று. புதியவர்கள் வேறு சங்கம் தொடங்கினார்கள். இப்போது அவர்கள் பெரிய அரங்கம் எடுக்கிறார்கள், எங்களுக்கு நாற்காலி போட ஆள் இல்லை. கொலை ஒன்றும் நடக்கவில்லை. அந்த வகையில் நாங்கள் கிரேக்கர்களைவிட நாகரிகமானவர்கள். நண்பன் அந்தக் கோடையிலேயே டெக்ஸாஸ் போய்விட்டான். பதினோரு வருஷமாகத் தீபாவளிக்கு ஒரு படம் அனுப்புவான், நானும் ஒரு படம் அனுப்புவேன்.

மலருக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: 'பணி மாற்றம் போன்ற காரணங்களால் சிலர் நம்மை விட்டு விலகிச் சென்றாலும், சங்கம் தளராமல் நடைபோட்டது.' படித்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று.

என் நேரம், மகளின் டீச்சர் அடுத்த வேலை கொடுத்தார். வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு ஆவணத்தை இதே கட்டங்களில் போட்டுப் பார்க்க வேண்டும். அவள் என் எட்டுப் பக்கத்தை எடுத்துக்கொண்டாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அந்த வரியில் பென்சிலை வைத்து, "யாரு அந்தச் சிலர்?" என்று கேட்டாள். சொன்னேன். "ஓகே, டெக்ஸாஸ் அங்கிளை இன்டர்வியூ பண்றேன்" என்று போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை அவனோடு வீடியோவில் பேசினாள். நான் சமையலறையில் ஒரே டம்ளரை மூன்று தரம் கழுவினேன். வந்தவள் முகத்தில் திருப்தி. "வேலை மாத்தல், அவ்ளோதாம்மா. உங்கப்பா கூட எனக்கு என்ன சண்டை?" என்று அவன் சொன்னானாம். விலகிப்போன கட்சி, விலகாத கட்சி, இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. சிபாரிஸில்கூட இப்படி அமையவில்லையாம். அங்கே தப்பிய சிபாரிஸ்காரர்கள் ஒன்று சொல்ல, குரோட்டோன்காரர்கள் வேறொன்று சொல்ல, கேட்டு எழுதினவர் எது பிடிக்கிறதோ அதை நம்பிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டாராம். "யுவர் ஹிஸ்டரி இஸ் வெரி ரிலையபிள், அப்பா" என்று முதுகில் தட்டினாள்.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவமானமாக இருந்தது. நான் பொய் எழுதியது எனக்காக. அவன் பொய் சொன்னதும் எனக்காகத்தான், என் மகள் முன்னால் நான் சின்னவனாகிவிடக் கூடாது என்று. அதற்கு மேல் உட்கார முடியவில்லை. பட்டியல், சட்டைப்பை, மைக் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஆன்ட்டி என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. நான் லிஸ்டப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நீங்கதானே அங்க இருந்தீங்க?"

மேடையிலேயே நின்ற சாட்சி நான், நான் பார்க்கவில்லை. மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் டெக்ஸாஸுக்குப் போன் செய்தேன். நண்பன் கடைக்குப் போயிருந்தான். அவன் மனைவிதான் எடுத்தாள்; நான் மலருக்கு வரலாறு எழுதுவது அவளுக்கும் தெரிந்திருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்தப் பட்டியலைக் காலையிலேயே பார்த்துவிட்டேன், தெரிந்துதான் படித்தேன், மன்னிக்க வேண்டும் என்று.

"தெரிஞ்சேவா?" என்றாள். பிறகு, "நான் அப்ப மைக் கட் ஆயிடுச்சின்னு நெனச்சேண்ணா. நீங்க இருக்கீங்களே, மறுபடி படிப்பீங்கன்னு ஓரமா நின்னுட்டிருந்தேன். டான்ஸ் முடியற வரைக்கும் நின்னேன்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"விடுங்கண்ணா," என்றாள். "இங்கயும் ஒரு சங்கம் இருக்கு. இப்ப நாங்கதான் பழைய ஆளுங்க. போன பொங்கலுக்குப் புதுசா வந்த ஒரு பொண்ணு, ஆன்ட்டி, நானும் ஒண்ணு ஏத்தட்டுமான்னு வந்து கேட்டா. அஞ்சு பேரு ஃபிக்ஸ் ஆயிடுச்சும்மான்னு நானே சொல்லிட்டேன். வாயில வந்துடுச்சி. அவ எங்க நின்னா, எப்பப் போனான்னுகூட நான் பாக்கல."

எதிரே மகள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா," என்றாள் அவள் போனில். "இத மட்டும் எழுதிடாதீங்க."