இடைவேளையோடு முடிந்த படங்கள்

கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த வருடம், எங்கள் வீட்டில் பார்த்த படங்கள் எல்லாமே இடைவேளையோடு முடிந்தன. வில்லன் செத்தானா, தொலைந்துபோன தங்கை கிடைத்தாளா, கடைசியில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. திரையில் 'இடைவேளை' என்று எழுத்து வரும். அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்ல படம்" என்பார். நாங்களும் ஆமாம் என்று பாயை விரித்துவிடுவோம்.

இதற்குக் காரணம் அப்பாவின் ஒரு கண்டுபிடிப்பு. அப்போது மரக்காணம் கடைத்தெருவில் சி.டி. வாடகைக்குக் கிடைக்கும். ஒரு படத்துக்கு இரண்டு சி.டி. முதல் சி.டி.யில் எல்லோரும் ஆடிப்பாடி, ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு நன்றாகத்தான் இருப்பார்கள். அழுகை, ஆஸ்பத்திரி, பாடை எல்லாம் இரண்டாவதில்தான் வரும். ஆகவே இரண்டாவதைப் போடாவிட்டால் எந்தப் படமும் சிரிப்புப் படம்தான். பெரிய பெரிய டைரக்டர்களுக்குத் தோன்றாத இந்த யோசனை உப்பு வாருகிற என் அப்பாவுக்குத் தோன்றியதில் எனக்கு ரொம்பப் பெருமை. இரண்டாவது சி.டி.யை ஒளித்துவைத்து, மறுநாள் சாயங்காலம் கடையில் திருப்பிக் கொடுக்கும்வரை காவல் காப்பது என் பொறுப்பு. நான் அப்போது நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். அரிசி ட்ரம்முக்குப் பின்னால் வைப்பேன்.

இத்தனை ஏற்பாடும் சித்திக்காக. சித்தப்பாவின் மனைவி. எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் எனக்குத் தலைவாரிவிட்டு, என்னைக் குளிப்பாட்டி, பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு, செல்லம் கொடுத்துக் கெடுத்தவள். ஏழாம் மாதம் அவளுக்கு வளைகாப்புப் போட்டார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். அடுத்த மாதமே வலி எடுத்துவிட்டது. ஆண் பிள்ளை. மூச்சு விடாமலே பிறந்தது என்று அம்மா யாரிடமோ சொன்னதைக் கேட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து சித்தி நடந்துதான் உள்ளே வந்தாள். அழவில்லை. அழக் கூடாது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். பச்சை உடம்பு, அழுதால் ஜன்னி வரும் என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். "ஊர்ல வளந்த புள்ளைங்களையே கடலுக்குக் குடுத்துட்டு நிக்கிறாங்க. நீ முகம் பாக்காத புள்ளைக்கு அழுவலாமா?" பக்கத்து வீட்டு அத்தைக்கு அப்படித்தான் நடந்திருந்தது. அவள் மகன் என்னோடு பள்ளிக்கூடம் வந்தவன். அந்த அத்தை எதிரில் வரும்போது சித்தி தலையைக் குனிந்துகொள்வாள். தனக்கு வருத்தப்பட உரிமையில்லை என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

பிள்ளை பிறந்ததும் வளைகாப்பு வளையலைக் கழற்றி, பிரசவம் பார்த்தவளுக்குக் கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சித்தியின் வளையலைக் கழற்றச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவளும் கழற்றவில்லை. பாத்திரம் கழுவும்போதும் கோலம் போடும்போதும் அது பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் சித்தப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

அதனால் வீட்டில் எல்லோரும் சிரிப்பது என்று முடிவாயிற்று. அப்பா சிரிப்புக் காட்சி வருவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். சித்தி அவர் முகத்துக்கு நேரே எதுவும் பேசமாட்டாள், கணவனின் அண்ணன் இல்லையா. மரியாதைக்காக வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் சிரிப்பாள். உடனே அம்மா சித்தப்பாவை இடித்து, பார்த்தாயா என்பதுபோல் கண்ணைக் காட்டுவாள். அம்மா பெரிய கள்ளி. உப்பு வாரும்போது மற்ற பெண்களிடம் எல்லாப் படத்தின் இரண்டாம் பாதியையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டில் ஒன்றும் தெரியாததுபோல் இருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இத்தனை சிரித்தும் பயன் இல்லை. சித்தி இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அவளாக எதுவும் கேட்கமாட்டாள். விருந்தாளி மாதிரி ஆகிவிட்டாள். கடைசியில் வானூரிலிருந்து அவளுடைய அண்ணன் சொல்லியனுப்பினார். புதன்கிழமை வந்து அழைத்துக்கொண்டு போகிறாராம். கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டுமாம். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அம்மா என்னை வெளியே போய் விளையாடச் சொன்னாள். சித்தப்பாவும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. சித்தி போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை அப்பா ஒரு படம் கொண்டுவந்தார். ஐஸ் வண்டி தள்ளுகிற ஒரு அப்பா, அவருக்கு ஒரு வாலுப் பையன். அப்பன் கண் அசந்தால் பையன் ஐஸை எடுத்துத் தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் பங்கு வைத்துவிடுவான். வீடே சிரித்தது. அப்பாகூட நிஜமாகவே சிரித்தார். அப்போது அந்தப் பையன் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடிக்கொண்டே வந்து, சட்டென்று விழுந்தான். இடைவேளை.

"நல்ல படம்" என்று அப்பா துண்டை உதறினார்.

"அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு?"

கேட்டது சித்தி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளாகக் கேட்ட முதல் கேள்வி. அம்மா திகைத்துப்போய்ச் சித்தப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் ஆயிருக்காது. வெயிலுக்கு மயக்கம் போட்டிருக்கும். எழுந்துடுவான்" என்றார்.

மறுநாள் ஞாயிறு. உப்புக்கு ஞாயிறு கிடையாது. விடிவதற்கு முன்பே அப்பா, அம்மா, சித்தப்பா மூவரும் உப்பளத்துக்குப் போய்விட்டார்கள். சித்தி எனக்குச் சோறு போட்டாள். நான் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, அந்த ரெண்டாவது சி.டி. எங்க வெச்சிருக்க?"

"தொலஞ்சி போச்சி."

"தொலையாதுடி. அரிசி ட்ரம்முக்குப் பின்னால பளபளன்னு தெரியுது."

"அப்பா அடிப்பாரு சித்தி."

"நான் சொல்லிக்கிறேன்."

"அழுவமாட்ட இல்ல?"

"தெரியல கண்ணு" என்றாள்.

பொய் சொல்லியிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனோ என்னவோ. உள்ளதைச் சொல்வதென்றால், எனக்கும் அந்தப் பையன் எழுந்தானா என்று தெரிய வேண்டியிருந்தது. எடுத்துவந்து போட்டேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கப் போவதுமில்லை என்று டாக்டர் சொல்கிற இடத்தில் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அப்பன் பையனை ஐஸ் வண்டியிலேயே படுக்கவைத்து ஊருக்குத் தள்ளிக்கொண்டு வருகிற இடத்தில் கையை விட்டுவிட்டாள். அப்புறம் ஒரு சத்தம் வந்தது. சினிமாவில் அழுவது போன்ற சத்தம் இல்லை. பயந்துபோய் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தேன். சத்தம் குறையவில்லை.

முதலில் ஓடிவந்தது பக்கத்து வீட்டு அத்தைதான். தெருவில் யாரோ சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் பறந்தார்கள். அத்தை டி.வி.யைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். சித்தி அவளைக் கண்டதும் முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அந்த முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"ஏன் அடக்கற? என்னைப் பாத்தா? அழு தாயி" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "முதல்ல இருந்து போடு பாப்பா. நான் பாக்கல" என்றாள்.

சித்தப்பா வந்தபோது டி.வி.யில் ஐஸ் வண்டி இரண்டாம் முறை ஊருக்கு வந்துகொண்டிருந்தது. முழங்கால் வரைக்கும் அவருக்கு உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பின்னாலேயே அப்பாவும் அம்மாவும். அப்பா என் கையிலிருந்த காலி உறையைப் பார்த்தார்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"விடுண்ணா" என்றார் சித்தப்பா. "அழட்டும்."

அப்படியே உப்புக்காலோடு சித்திக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். பெரியவர்கள் முன்னால் அவர்கள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அம்மாவும் அழுதாள். அவளுக்குத்தான் முடிவு முன்பே தெரியுமே, எதற்கு அழுதாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அப்பா வெளியே போய், சுத்தமாக இருந்த சைக்கிளை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்த பிறகு சித்தி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "அக்கா, பசிக்குது" என்று அம்மாவிடம் சொன்னாள். பழைய சோற்றையும் கருவாட்டையும் வைத்துக்கொண்டு அவள் சாப்பிட்ட சாப்பாட்டை நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். அதுவும் ஒரு படம்தான். சாயங்காலம் அவளே சோப்பை எடுத்துவந்து அம்மா முன்னால் கையை நீட்டினாள். அம்மா ஒவ்வொரு வளையலாகக் கழற்றினாள். ஒன்றுகூட உடையவில்லை. சித்தப்பா அவற்றை ஒரு துணியில் முடிந்துகொண்டு கழுவெளி ஏரிப் பக்கம் போய், இருட்டுவதற்குள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

புதன்கிழமை வானூர் மாமா வந்தார். மீன் குழம்பு சாப்பிட்டார். தனியாகத் திரும்பிப் போனார். அதன்பிறகு எங்கள் வீட்டில் எந்தப் படத்தையும் பாதியில் நிறுத்தவில்லை. சித்தியே போய், "நல்லா அழுவுற படமா குடுங்க" என்று கேட்டு வாங்கி வருவாள். பக்கத்து வீட்டு அத்தையும் வந்துவிடுவாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். வளையல் இல்லாத கையால் சித்தி எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. இடையிடையே அவள் மூக்கை உறிஞ்சினாள். அழவைத்தது நான்தானே என்று எனக்குப் பாவமாக இருந்தது. எனக்குத் தெரிந்த நல்ல செய்தி ஒன்றைச் சொன்னேன்.

"சித்தி, அந்தப் பையன் நெஜமா சாவல. அது நடிப்பு. அவன் வேற ஒரு படத்துல வர்றான், நான் பாத்தேன்."

சீப்பு நின்றது.

"நெஜமாவா?"

"நெஜமா சித்தி. அதுல மொட்டை அடிச்சிருக்கான்."

"நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான். கொஞ்சம் குண்டா ஆயிட்டான். கல்யாண வீட்ல உக்காந்து சாப்பிட்டுக்கினே இருப்பான்."

சித்தி என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அவள் முகம் என் தலைமேல் ஈரமாகப் பட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"எங்கயோ நல்லா இருந்தா சரி" என்றாள்.

இவ்வளவு பெரிய சந்தேகத்தை ஒரே நொடியில் தீர்த்துவைத்தேன் என்று அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு குறைதான். அது எந்தப் படம் என்று அவள் கேட்பாள், சொல்லலாம் என்று பெயரைக்கூட நினைவுபடுத்தி வைத்திருந்தேன். சித்தி கடைசிவரை அதைக் கேட்கவே இல்லை.