வெறும் வாளியின் வெப்பநிலை

எங்கள் வரவேற்பறையில் ஆறடி நீள மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் பன்னிரண்டு டிஸ்கஸ் மீன்கள், ஒவ்வொன்றும் சிறிய தட்டளவு. அவை என் கணவருடையவை. அதே அறையைக் குளிரவைக்கும் ஏர்கோன் என்னுடையது. சிரம்பான் நகரை ஒட்டிய செனாவாங்கில், செம்பனைத் தோட்டம் முடியும் இடத்தில், மேற்குப் பார்த்த வீடு. மதியம் இரண்டு மணிக்குச் சுவரில் கை வைக்க முடியாது. பத்திரிகை வேலையை விட்டபின் அந்த அறையில் உட்கார்ந்துதான் மொழிபெயர்ப்பு செய்கிறேன். தொழிற்சாலையில் தரப் பரிசோதகரான அவர் காலை ஏழுக்குப் போனால் மாலை ஏழுக்குத்தான் ஷிப்ட் முடியும். அவர் இல்லாத நேரத்தில் ஏர்கோன் பதினெட்டு டிகிரியில் ஓடும். அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலுக்கு வர ஒரு மணி நேரம் இருக்கும்போது அதை நிறுத்திவிடுவேன்.

மீன்கள் கறுக்கத் தொடங்கின. தீனியைத் தொடாமல் ஒரே மூலையில் ஒண்டின. அவர் குழாய்த் தண்ணீரைச் சந்தேகித்தார், தீனியைச் சந்தேகித்தார், "எவ்ளோ கொழுகொழுன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போன பக்கத்து வீட்டம்மாவையும் சந்தேகித்தார். நம் ஊர்த் தண்ணீருக்கு வெப்பமானி எதற்கு என்பது அவர் கட்சி. நான் இணையத்தில் படித்துப் பார்த்தேன். இந்த மீன்களுக்கு இருபத்தெட்டு டிகிரிக்குக் குறையக் கூடாதாம். குற்றவாளி யார் என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிட்டது. ஒப்புக்கொண்டால் ஏர்கோன் போய்விடும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மீன் போய்விடும்.

"மழைக்காலங்க. தண்ணி சில்லுனு ஆயிடுது. ஹீட்டர் ஒன்னு போடலாமே" என்றேன்.

அவர் தொட்டியில் கையை விட்டுப் பார்த்தார். "ஆமாவா!" என்றார்.

சிரம்பானில் மீன் கடைக்காரத் தம்பி எங்களை மேலும் கீழும் பார்த்தான். "அக்கா, இந்தச் சூட்டுல ஹீட்டரா? மீனுக்கு சுவெட்டர் பின்னிப் போடுங்க லா." சிரித்து முடித்ததும், பெரிய தொட்டிக்குப் பெரிய ஹீட்டராக ஒன்று போதும் என்றான். என் கணவர் மறுத்தார். ஒன்று மட்டும் இருந்து அது அணையாமல் சிக்கிக்கொண்டால் மீன் குழம்பாகிவிடும். எரியாமல் போனால் விறைத்துவிடும். நடுத்தர அளவில் இரண்டு வாங்கி கோடிக்கொன்றாக வைத்தால், ஒன்று கெட்டாலும் மற்றது ஓரளவு தாங்கும். அதில் அவர் சொன்னது சரி. மூன்று கம்பெனிகளின் ஹீட்டர்களில் ஒவ்வொன்று வாங்கினார், பரிசோதித்துத் தேர்ந்தெடுக்க.

மறுநாள் தொட்டிக்குப் பக்கத்தில் நான்கு வாளிகள் வரிசையாக நின்றன. மூன்றில் ஹீட்டர், எல்லாம் இருபத்தொன்பதில் வைக்கப்பட்டவை. நான்காவதில் வெறும் தண்ணீர்.

"இது எதுக்கு?"

"ஹீட்டர் இல்லன்னா தண்ணி எவ்ளோ எறங்குதுன்னு தெரிய வேணாமா? மூனு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுதி வையி."

"நான் என்ன உங்க கிராணியா, கணக்கு எழுத?"

"கிராணிக்கு இவ்ளோ வாய் இருக்காது" என்று சொல்லிவிட்டு, கட்டம் போட்ட தாளையும் புதிதாக வாங்கிய வெப்பமானியையும் என்னிடம் கொடுத்துப் போனார்.

ஹீட்டர் வாளிகளின் எண்களை உள்ளபடியே எழுதினேன். முதலாவது ஒரே சீராக இருபத்தொன்பதில் நின்றது. இரண்டாவது முப்பத்தொன்றில்தான் அணைந்தது. மூன்றாவது முப்பத்துநான்கைத் தாண்டியும் எரிந்துகொண்டே இருந்தது. வெறும் வாளி மூன்று மணிக்கு இருபத்துநான்கு காட்டியது. மழை மட்டும் தண்ணீரை அவ்வளவு இறக்காது, ஏர்கோன் மாட்டிக்கொள்ளும். அடுப்படிக்குப் போய் ஒரு குவளை சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் கலக்கினேன். இருபத்தெட்டு என்று எழுதினேன். ஆறு மணிக்கு இன்னொரு குவளை.

இப்படி மூன்று நாள். நான்காம் நாள் மாலை அவர் தாள்களை வாங்கிப் படித்தார். மூன்றாவது ஹீட்டரைக் கடைக்குத் திருப்பி அனுப்புவதாகவும், முதலாவதைப் போல இன்னொன்று வாங்குவதாகவும் சொன்னார். பிறகு நான்காவது வரியில் விரலை வைத்தார்.

"இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு. ஹீட்டரே இல்லாத வாளிதான் பாஸா?"

நான் மீன்தீனி டப்பாவைத் திறந்தேன்.

"மழை பேஞ்சா தண்ணி சில்லுனு ஆயிடுதுன்னு நீதானே சொன்ன? மூனு நாளும் மழை. கொறையவே இல்லையே." வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "தண்ணி கூடியிருக்கு வேற. இது வாளியா, கெணறா?"

பத்திரிகையில் இருந்தபோது வேறு நிருபர்களின் சௌகரியமான எண்களை எத்தனையோ முறை அடித்துத் திருப்பியிருக்கிறேன். பொய் சொல்லும்போது ஏற்ற இறக்கம் வேண்டும் என்பது எனக்கே தோன்றவில்லை.

"ஏர்கோன்" என்றேன்.

"எத்தனையில?"

"பதினெட்டு."

"பதினெட்டா! மார்க்கெட்டுல கோழியகூட அவ்ளோ குளுருல வைக்க மாட்டாங்க லா!"

அப்புறம் பேரம். அவர் இருபத்தாறு என்றார், நான் இருபது என்றேன். இரண்டு ஹீட்டர்கள் இருக்கும்போது மீனுக்கு என்ன கவலை என்று வாதாடினேன். ஹீட்டரும் ஏர்கோனும் ஒன்றோடொன்று நாள் பூராவும் மல்லுக்கட்டவா என்றார். கடைசியில் இருபத்துமூன்றில் நின்றோம்.

ஒரே ரக ஹீட்டர்கள் இரண்டும் இப்போது தொட்டியின் இரு கோடிகளில் இருக்கின்றன. மீன்கள் நிறம் திரும்பி, தீனிக்கு முண்டுகின்றன. நிபந்தனை ஒன்றுதான்: ஏர்கோன் எதில் ஓடுகிறது என்று தினமும் நான் தாளில் எழுதி வைக்க வேண்டும். முதல் வாரத் தாளைப் பார்த்தார். எல்லாக் கட்டத்திலும் இருபத்துமூன்று.

"ரொம்ப அழகா இருக்கே" என்றார்.

அதிலிருந்து நடுநடுவே ஓர் இருபத்துநான்கும் எழுதி வருகிறேன்.