பாதியில் விட்ட கூடுகள்

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த சனிக்கிழமை காலையில் உங்கள் இருவரிடமிருந்தும் நான் குருவிக்கூடுகளைப் பிடுங்கிக்கொண்டு போனேன். ஏன் என்று சொல்லவில்லை. சின்னவள் அழுதாள். பெரியவன், "குடுத்துட்டுத் திருப்பி வாங்கறது நல்லா இல்லப்பா" என்றான். நான் அவனிடம் கத்திவிட்டேன். கதவையும் அடித்துச் சாத்தினேன்.

அந்தக் கோபம் உங்கள் மேல் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

செம்மங்குப்பம் கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்து நான் வீட்டில் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது கீரப்பாளையத்தில் உங்கள் மாமா வயலுக்கு சிதம்பரத்திலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி வந்திருக்கிறார். மாமாவின் கிணற்று ஓரம் நிற்கிற மூன்று பனையிலும் தூக்கணாங்குருவிகள் கூடு கட்ட ஆரம்பித்திருந்தன. அவற்றைப் பார்த்து எழுத வேண்டும், அதுதான் அந்த அக்காவின் படிப்பு. வாரத்தில் இரண்டு நாள்தான் அவரால் வர முடியும். மற்ற நாளில் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் தேவை. மாமா என்னைச் சொல்லிவிட்டான்.

"எங்க மாமா இப்ப சும்மாதான் இருக்காரு. கண்ணு நல்லாத் தெரியும். எழுதவும் தெரியும். கையெழுத்து மட்டும் கோழி கிளறுனாப்ல இருக்கும்" என்றானாம்.

இரண்டு மாதம். திங்கட்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறி சிதம்பரம், அங்கிருந்து பஸ்ஸில் கீரப்பாளையம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு. நடுவில் உங்கள் மாமா வீட்டில் சாப்பாடு, அவன் கேலியும் சேர்த்து. "பகல் பூரா அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கீங்களே மாமா, குருவி உங்களப் பாத்து எதுனா எழுதுதா?" என்பான். என் நெற்றியில் வெயில் பட்டுப் பாதி கறுத்துப்போனதைப் பார்த்து ஊரே சிரித்தது.

வேலை இதுதான். ஒவ்வொரு ஆணுக்கும் கூட்டுக்கும் நம்பர் போட்டு, நடப்பதை நோட்டில் எழுத வேண்டும். ஆண் குருவி நெல் தோகையிலிருந்தும் பனை ஓலையிலிருந்தும் நார் கிழித்து வந்து பின்னும். முழுதாகப் பின்னாது. ஹெல்மெட் கவிழ்த்த மாதிரி பாதி ஆனதும் நிறுத்திவிடும். உள்ளே ஈரக் களிமண் அப்பும். பிறகு கூட்டில் தொங்கிக்கொண்டு இறக்கையை அடித்து அடித்துக் கத்தும். பெண் வரும். உள்ளே நுழையும், அலகால் நாரைப் பிடித்து இழுத்துப் பார்க்கும், போய்விடும். பிடித்திருந்தால் தங்கும்; அப்போதுதான் ஆண் மிச்சக் கூட்டையும் நீளக் குழாயையும் கட்டி முடிக்கும். எந்தப் பெண்ணுக்கும் பிடிக்கவில்லையென்றால் அந்தப் பாதிக் கூட்டை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஆரம்பிக்கும். விட்ட கூடு காற்றில் கீழே விழும். சில ஆண் தானே அறுத்துத் தள்ளியதையும் பார்த்திருக்கிறேன்.

பெண் எதைப் பார்த்து வேண்டாம் என்கிறது? அந்த அக்காவின் கேள்வி அது ஒன்றுதான். சிலர், கூடு தொங்குகிற இடம்தான் முக்கியம் என்கிறார்களாம். அக்காவுக்குப் பின்னல் மேலும் மண் மேலும் சந்தேகம்.

"இதத் தெரிஞ்சு என்னங்க மேடம் ஆகப்போவுது?" என்று முதல் வாரமே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "வேணாம்னு சொல்லப்பட்ட ஆணுக்குக் குஞ்சு கிடையாதுண்ணே. வேணும்னு சொல்லப்பட்ட ஆணோட குஞ்சுதான் அடுத்த வருஷம் இங்க பறக்கும். இப்படியே எத்தனையோ தலைமுறை போச்சுன்னா, நல்லாப் பின்னுற குருவிதான மிஞ்சும்? ஆம்பளக் குருவிக்குப் பின்னல் வந்ததே பொம்பளக் குருவி அலகாலதான்னு வச்சுக்குங்க."

"அப்ப இதுக்கு யாரும் சொல்லித் தரலயா?"

"பாதி பொறக்கும்போதே இருக்கு. பாதி பின்னிப் பின்னிப் பழகுது. சின்ன வயசு ஆம்பளங்க கட்டுறதப் பாருங்க, பாக்கவே பாவமா இருக்கும்."

பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. நாரை ஒரு பக்கம் செருகும், மறு பக்கம் உருவிக்கொண்டு வரும், மறுபடி அதே நாரைத் தேடும். எனக்கும் என் நோட்டுக்கும் அதே கதிதான்.

முதல் வாரம் நான் எழுதியதில் முக்கால்வாசியை அக்கா அடித்துவிட்டார். 'மூன்றாம் நம்பர் ஆண் கோபமாக இருந்தது' என்று எழுதியிருந்தேன்.

"கோபம்னு எப்படிண்ணே தெரியும்?"

"பாத்தாலே தெரியுதுங்க."

"பாத்தத மட்டும் எழுதுங்க. எத்தன தடவ இறக்கைய அடிச்சுச்சு, எத்தன தடவ கத்துச்சு, எவ்ளோ நேரம். ஏன்னு எழுதாதீங்க. ஏன்னு கண்டுபிடிக்கத்தான் இவ்ளோ பாடு."

'எட்டாம் நம்பர் கூட்டுக்குப் பெண் வந்தது, சம்பந்தம் பேச வந்த மாமியார் மாதிரி சுற்றிப் பார்த்தது' என்று ஒரு நாள் எழுதினேன். அதைப் படித்து அக்கா நன்றாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடித்தார்.

எனக்கு வெறுத்துப்போகும். கண்ணால் பார்த்ததையும் மனதில் பட்டதையும் பிரித்து எழுதுவது அவ்வளவு கஷ்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கழுத்து வலி ஒரு பக்கம். இந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் பெண் வந்து போயிருக்கும். விட்டது விட்டதுதான், குருவியிடம் இன்னொரு தடவை வா என்று சொல்ல முடியுமா?

இன்னொன்றும் என்னை உறுத்தியது. தூக்கணாங்குருவி மின்மினிப்பூச்சியைக் களிமண்ணில் ஒட்டிக் கூட்டுக்குள் விளக்கு வைக்கும் என்று உங்களுக்கு நான்தான் சொன்னேன். எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் செருப்பைக் கழற்றும் முன்பே சின்னவள், "மின்மினி பாத்தியாப்பா?" என்று வந்து நிற்பாள். ஒருநாள் அக்காவிடமே கேட்டேன். விழுந்து கிடந்த ஒரு முழுக் கூட்டைப் பிரித்து, உள்ளேயிருந்த மண்ணை என் உள்ளங்கையில் உதிர்த்துக் காட்டினார். வெறும் மண். சாணி வாசம் கொஞ்சம். "நானும் மின்மினியத் தேடித்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன்" என்றார். காற்றில் கூடு ஆடாமல் இருக்கக் கனத்துக்காக மண் அப்புகிறதோ என்று அவருக்கு ஒரு நினைப்பு. அதையும் நிச்சயமாகச் சொல்லவில்லை. எடை போட்டுப் பார்த்தால்தான் தெரியுமாம்.

வெறுங்கையோடு எப்படி வீட்டுக்கு வருவது? விழுந்து கிடந்த பாதிக் கூடுகளில் பார்க்க அழகானதாக ஒன்றை எடுத்து வந்தேன். இப்படி மூன்று வெள்ளிக்கிழமை, மூன்று கூடு. நீங்கள் மேஜை மேல் வைத்துக்கொண்டீர்கள். பெரியவன் ஒன்றில் பேனாக்களைப் போட்டு வைத்தான்.

அந்தக் கூடுகளைப் பற்றி அக்கா சொல்லியிருந்தது இதுதான். கீழே விழுந்தால் எந்தக் கூடு, என்றைக்கு விழுந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். அதே நம்பரை ஒரு அட்டையில் எழுதி, சிவப்பு நூலால் கூட்டில் கட்டி, கிணற்று மோட்டார் கொட்டாயில் போட்டு வைக்க வேண்டும். நானும் எழுதினேன், கட்டினேன், போட்டேன். குஞ்சு பொரித்துப் பறந்துபோன முழுக் கூடு விழுந்தால் அக்கா உடனே ஒரு காகிதக் கவரில் போட்டுப் பத்திரமாக எடுத்துப்போவார். பாதிக் கூடுகளை எடுக்க மாட்டார். கொட்டாயிலேயே கிடக்கும்.

நான் என்ன நினைத்தேன் என்றால், நல்லதை எடுத்துக்கொள்கிறார், மிச்சம் கழிசல். கம்பெனியில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். மூட்டை வந்தால் பேட்ச் நம்பரை ரிஜிஸ்டரில் ஏற்றுவோம். ஏற்றிவிட்டால் காலிச் சாக்கு குப்பை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஷெட் முழுக்கக் கூட்டி, சாக்கையெல்லாம் வெளியே தள்ளிவிட்டுத்தான் மிஷினுக்குப் பொட்டு வைப்போம். பத்து வருஷம் செய்த வேலை கையில் இருக்கும் இல்லையா?

பூஜைக்கு முதல் நாள் மாமா மோட்டார் கொட்டாய் வாசலில் துடைப்பத்தோடு நின்றான்.

"என்னா மாமா இது, எலி குடும்பம் நடத்துது உள்ள. இந்தக் குப்பைய வச்சுக்கிட்டு மோட்டாருக்கு எப்படி பூஜை போடறது?"

"நோட்டுல எல்லாம் ஏத்தியாச்சு மச்சான். தள்ளிடலாம்" என்றேன். நான்தான் சொன்னேன். அவன் மேல் பழி போட எனக்கு வாய் வராது.

வாரி வெளியே போட்டு, கொஞ்சம் வைக்கோல் சேர்த்துக் கொளுத்தினோம். காய்ந்த நார், நிமிஷத்தில் எரிந்துபோனது. சாம்பலில் மண் கட்டிகள் மட்டும் கறுப்பாகக் கிடந்தன. அதையும் மண்வெட்டியால் வாரி வரப்பில் வீசிவிட்டுத் தண்ணீர் தெளித்தேன். மறுநாள் மோட்டாருக்கு, மருந்து அடிக்கிற ஸ்ப்ரேயருக்கு, மாமாவின் வண்டிக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தோம். அக்கா கொடுத்த பைனாகுலருக்கும் வைத்தேன். நோட்டுக்கும் வைத்தேன். என் தொழிலுக்கு அதுதானே ஆயுதம்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா வந்தார். பைனாகுலரில் பொட்டைப் பார்த்துச் சிரித்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். பொரி கொடுத்தேன், வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே கொட்டாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"பளிச்சுனு இருக்கேண்ணே. கூடெல்லாம் எங்க மாத்தி வச்சீங்க?"

"சுத்தம் பண்ணிட்டங்க."

"சரி. எங்க இருக்கு?"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. "கொளுத்திட்டங்க. நம்பர் எல்லாம் நோட்டுல பத்திரமா இருக்கு" என்று நோட்டை நீட்டினேன்.

பொரியைக் கையில் வைத்துக்கொண்டே கொட்டாய் வாசப்படியில் உட்கார்ந்துவிட்டார். பனையில் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

"எல்லாமாண்ணே?"

"எல்லாம்ங்க."

"முழுக் கூடு என்கிட்ட இருக்கு. அது வேணும்னு சொன்ன கூடு. வேணாம்னு சொன்னதுல எவ்ளோ மண்ணு இருந்துச்சு, எவ்ளோ நெருக்கமாப் பின்னியிருந்துச்சுன்னு பாத்தாத்தான வித்தியாசம் தெரியும்? ஈரம் போயி நல்லாக் காயட்டும், மொத்தமா எடை போடலாம்னுதான் இங்க விட்டு வச்சேன்." பிறகு, என்னைப் பார்க்காமல், "எதுக்குன்னு உங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும். சொல்லல" என்றார்.

அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தப்பில் பாதியை அவர் எடுத்துக்கொண்டால் என் பாதி குறையுமா? இரண்டு மாதம் அண்ணாந்து பார்த்துப் பார்த்து வாங்கின கழுத்து வலி, வேண்டிய பொருளைக் கையால் கட்டி, கையாலேயே கொளுத்துவதற்கா?

அப்போதுதான் உங்கள் மேஜை ஞாபகம் வந்தது.

"வீட்டுல மூணு இருக்குங்க. பிள்ளைங்கக்கிட்ட."

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. "அட்டை இருக்குல்ல? எந்தக் கூடுன்னு தெரிஞ்சாத்தான் எடை பிரயோஜனம். அதுக்கு எத்தன பொம்பள வந்து போச்சுன்னு நோட்டுல பாக்கணும்."

அட்டை. உங்களுக்குக் கொடுக்கும்போது நூலும் அட்டையும் அசிங்கமாகத் தொங்குகிறதே என்று வீட்டு வாசலில் வைத்து நானே கத்தரித்து எடுத்தேன்.

இப்போது தெரிகிறதா, சனிக்கிழமை காலையில் நான் ஏன் கட்டிலுக்கு அடியிலும் குப்பைக்கூடையிலும் கையை விட்டுத் துழாவினேன் என்று? உங்கள் அம்மா, "என்னாங்க, போன மாசக் குப்பை இன்னுமா இருக்கும்?" என்றாள். இரண்டு அட்டை போயே போய்விட்டது. ஒன்று மட்டும் கிடைத்தது. சின்னவளுக்குச் சிவப்பு நூல் பிடித்துப்போய், அட்டையோடு எடுத்துத் தன் பென்சில் பாக்ஸ் ஜிப்பில் கட்டி வைத்திருந்தாள். என் கோழி கிளறின எழுத்தில் பதினாலு. அதையும் அவிழ்த்துக்கொண்டேன். அவள் அழுதது கூட்டுக்காகவா அந்த நூலுக்காகவா என்று எனக்குத் தெரியாது. இப்போதாவது சொல்.

அது எந்தக் கூட்டில் இருந்த அட்டை என்பதைப் பெரியவன்தான் சொன்னான், கோபத்தோடு, என் முகத்தைப் பார்க்காமல். "பேனா வச்ச கூடு. அதுலேந்துதான் நீ மொதல்ல வெட்டுன, அந்த நூலத்தான் இவ எடுத்துக்கிட்டா, நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்." அவன் சொல்லாவிட்டால் அதுவும் இல்லை. அதற்கு நான் நன்றி சொல்லவில்லை. கத்திவிட்டு, கட்டைப் பையில் மூன்றையும் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனேன்.

ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா பையை எட்டிப் பார்த்து, "தூக்கணாங்குருவிக் கூடா? உள்ள மின்மினி இருக்குமே" என்றார்.

"இல்லம்மா. மண்ணுதான்."

"நல்லாப் பாரு தம்பி."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிதம்பரத்தில் அக்கா பதினாலாம் நம்பரை இரண்டு தடவை எடை போட்டார். மண்ணைத் தனியாக எடுத்து ஒரு தடவை. நார்களை லென்ஸ் வைத்து எண்ணினார். ஒரு பேனா மூடி உள்ளே இருந்தது, அதை என்னிடம் கொடுத்தார். "ஒண்ண வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணே. ஆனா இருக்கட்டும்" என்று கவரில் போட்டு ஒட்டினார். நம்பர் இல்லாத இரண்டையும் திருப்பிக் கொடுத்து, பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள் என்றார். ஒரு சீசன் போனது. அடுத்த கூடு கட்டும் காலம் வரை அவர் காத்திருக்க வேண்டும். படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போகிறது. என்னைத்தான் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்த இரண்டு கூடும் ஃபிரிட்ஜ் மேல் இன்னும் இருக்கின்றன. நீங்கள் தொடுவதில்லை. போன வாரம் சின்னவள் கேட்டாள், அந்தக் கூட்டை ஏம்பா பொம்பளக் குருவி வேண்டாம்னுச்சு என்று. எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கலாம். பதில் வரப்பில் வீசிய மண்ணில் இருந்திருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமையை அக்கா சொன்ன முறையில் எழுதிப் பார்த்தேன். விழுந்த பாதிக் கூடு இருபத்திரண்டு. கொளுத்தியது பத்தொன்பது. வீட்டிலிருந்து எடுத்தது மூன்று. அப்பா இரண்டு முறை கத்தினார். ஒரு முறை கதவைச் சாத்தினார். மகள் அழுதாள். மகன் எந்தக் கூடு என்று சொன்னான்.

ஏன் என்று எழுதக்கூடாது என்றார். ஆனால் இது குருவி நோட்டு இல்லை. அப்பாவுக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான்.