காளான் எங்கே கிடைத்தது என்று கேட்டால்

மலைக்கு மாற்றலாகி வந்த புதிதில் எனக்கு அந்த ஊரில் ஒருவரையும் பிடிக்கவில்லை. அரூரில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினால் ஒரு கடைத்தெரு, ஒரு டீக்கடை, நான் கணக்கு நடத்த வேண்டிய பள்ளிக்கூடம், நாலு பக்கமும் மேகம். அவ்வளவுதான் ஊர். ஒரு வீட்டின் பின்பக்கம் எனக்கு ஓர் அறையும் அடுப்படியும் வாடகைக்குக் கிடைத்தன. வீட்டுக்காரர்கள் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர்தான், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்கள். அவளை அக்கா என்றேன். ஆகவே அவர் எனக்கு மாமா ஆனார், கேலி பேசவும் உரிமை வந்துவிட்டது.

முதல் வாரமே அவர் ஆரம்பித்துவிட்டார். "டீச்சருக்கு இன்னும் மலை ஒட்டலீங்க" என்று டீக்கடையில் என் காதுபடச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில்கூடத் தோற்றுவிட்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவள் நான். ஒட்டிக் காட்டுகிறேன் பார் என்று அன்றே மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

சாப்பாட்டில் ஒட்டுவது சுலபமாக இருந்தது. எங்கள் நல்லம்பள்ளிப் பக்கமும் களி தின்கிற ஊர்தான். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஒரு மாதத்தில் பழகிவிட்டன. சந்தைதான் என்னைப் படுத்தியது. பீன்ஸ் வேண்டுமென்றால் நான் நேரே போய்ப் பீன்ஸ் கூடைக்கு முன்னால் நிற்பேன். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். "வேணும்ங்கறத மூஞ்சியில காட்டாத புள்ள. மொதல்ல கத்திரிக்கா வெலையக் கேளு. வேணாம்னு நாலு கடை தள்ளிப் போ. அப்பறம் திரும்பி வந்து சும்மா கேக்கற மாதிரி பீன்ஸைக் கேளு." அந்தச் சந்தையில் தனக்கு என்ன வேண்டும் என்று வாங்குகிறவர் உண்மை சொல்வதில்லை, காய் என்றைக்குப் பறித்தது என்று விற்கிறவரும் உண்மை சொல்வதில்லை. அதற்காக யாரும் யாரையும் கோபித்துக்கொண்டதும் இல்லை.

விளையாட்டும் அதே கதைதான். சாயங்காலமானால் ஆண்கள் பள்ளி மைதானத்தில் வாலிபால் ஆடுவார்கள். பெண்கள் அக்கா வீட்டு வாசலில் கட்டம் போட்டுத் தாயம் உருட்டுவோம். காயை ஒரு கட்டம் கூடுதலாக நகர்த்துவது அங்கே குற்றமில்லை, மாட்டிக்கொள்வதுதான் குற்றம். நான் சீக்கிரமே கைதேர்ந்துவிட்டேன். அக்காவே என் விரலைக் கவனித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

ஆனால் அந்த ஊரின் பெரிய ஆட்டம் இது எதுவும் இல்லை, காளான்தான். இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடியும்போது ஊரில் பாதிப் பேர் காட்டில் இருப்பார்கள். கரையான் புற்றில் முளைக்கும் காளான் வருடா வருடம் அதே இடத்தில்தான் வரும். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புற்று உண்டு. அது எங்கே இருக்கிறது என்று அடுத்தவருக்குத் தெரியாது. பல வீடுகளில் கட்டிய பெண்டாட்டிக்கே தெரியாது. பையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு ஒரு வழியில் போய் வேறு வழியில் திரும்புவார்கள். வந்ததும் டீக்கடையில் பையைத் திறந்து காட்ட வேண்டும், அது கட்டாயம். எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள், அதுவும் கட்டாயம். "கோயிலுக்குப் பின்னாலீங்க" என்பார் ஒருவர். கோயிலுக்குப் பின்னால் சிமெண்டுத் தரைதான் இருக்கும். எல்லோரும் தலையாட்டிக்கொண்டு டீயைக் குடிப்பார்கள். ஒருவர் ஓர் இடத்தைச் சொன்னால் அந்த இடத்தில் காளான் இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் நிச்சயம்.

இதையெல்லாம் லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது எழுதக் கை கூசுகிறது.

மாமாவின் பை ஊரிலேயே பெரியது. அவர் அப்பா காலத்திலிருந்து வந்த புற்று அவருடையது. ஒரு வருடமும் அவர் பை காலியாக வந்ததில்லை என்பதில் அவருக்கிருந்த கர்வத்தை நான் எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன்.

நான் வந்த மூன்றாவது புரட்டாசியில் மழை விடாமல் பெய்தது. அக்கா அம்மா வீட்டுக்குக் கம்பைநல்லூர் போயிருந்தாள். அன்று காலை மாமா வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் வந்தார். டீக்கடையில் பையைத் திறந்தார். அத்தனையும் வெள்ளை வெளேரென்று, குடை விரித்த மாதிரி இருந்தன. எங்கே என்று கேட்டதற்கு, "எங்கப்பன் வெச்சிட்டுப்போன எடம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரம் முடிந்துவிட்டது போல எனக்குத் தோன்றியது. தாமதமாக வந்த களைப்பு என்று நினைத்தேன்.

"டீச்சருக்கும் கொஞ்சம் ஆக்கித் தரட்டுங்களா?" என்று கேட்டார். அன்று சனிக்கிழமை, எனக்குப் பெருமாள் விரதம். வேண்டாம் என்றேன். நான் இன்று உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்த ஒரு வார்த்தைதான். இதில் பெருமாளுக்கு நன்றி சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

மத்தியானம் அவரே சமைத்துத் தனியாகச் சாப்பிட்டார். சாயங்காலம் வாலிபால் ஆடினார், நன்றாகவே ஆடினார். மைதானத்தில் அவர் போட்ட சத்தம் என் அறைவரை கேட்டது. மறுநாள் விடியலில்தான் பின்சுவரைத் தட்டினார். போய்ப் பார்த்தால் மனிதர் வாந்தியும் பேதியுமாகத் துவண்டு கிடந்தார். ஜீப் பிடித்து அரூருக்குக் கொண்டுபோனோம். அக்கா கம்பைநல்லூரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள்.

டாக்டர் பொறுமையானவர். காளான் என்றதும் முகம் மாறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க எடுத்தீங்க? எப்பவும் எடுக்கற இடமா, புது இடமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. புது இடம்னா இப்பவே சேலம் அனுப்பணும்."

பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்து படுத்திருந்தவர் எங்கள் மலைக்காரர். அவர் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க புத்துதானுங்க. எங்கப்பா காலத்துல இருந்து திங்கறமுங்க" என்றார்.

டாக்டர் இன்னொரு முறை கேட்டார். மாமா அதையே சொன்னார். அக்காவும், "ஆமாங்க, வருசா வருசம் அதுதான்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டு நாள் குளுகோஸ் ஏற்றினார்கள். வாந்தி நின்றது. மாமா எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. டாக்டர் இன்னும் இரண்டு நாள் இருக்கச் சொன்னதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு மலைக்கு வந்துவிட்டோம். டீக்கடையில் அவருக்கு வரவேற்பே நடந்தது.

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள். "ஏ புள்ள, அவரு கண்ணு மஞ்சளாட்டம் தெரியுது. எனக்குத்தான் அப்பிடித் தெரியுதா?"

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. சேலத்துக்குப் போகும் வழியெல்லாம் அவர் அரைத் தூக்கத்தில் உளறிக்கொண்டே வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, கதவைச் சாத்திக்கொண்டு டாக்டர் அதே கேள்வியைக் கேட்டபோது, மாமா முதலில் கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் சொன்னார். புது ரோட்டுக்காக ஜேசிபி வைத்து அவருடைய புற்றை இடித்து மட்டம் தட்டிவிட்டார்களாம். அது கோடையிலேயே நடந்துவிட்டதாம். யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

"காலிப் பையோட எப்பிடி ஊருக்குள்ள வர்றது? தண்ணித் தொட்டிக்குப் பின்னால தைலமரத்தடியில வெள்ளையா நெறைய இருந்துச்சு. புத்துக் காளானுக்கு நீட்டமா வேர் இருக்கும். இதுக்கு இல்ல. தெரிஞ்சுதான் இருந்துச்சு. ஆனா நம்முளுதவிட அழகா இருந்துச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கட்டிலையே உதைக்கலாம் போலிருந்தது. அக்கா கோபப்படவே இல்லை. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இதை அன்னைக்கே எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமில்ல" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். முதல் நாளே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். ஈரல் கெட்டுப்போய் மாமா இறந்தார்.

பால் தெளிக்கும் அன்று ஊரே வீட்டு வாசலில் நின்றது. அக்கா அழுதுகொண்டிருந்தவள் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால, தைலமரத்தடி. அங்கதான் அவரு எடுத்தாரு. வெசம். ஒருத்தரும் அங்க போவாதீங்க, உங்க காலுல வேணாலும் வுழுறேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். டீக்கடை பெஞ்சில் அதே தலையாட்டலை மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். கூட்டம் கலையும்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் தாழ்ந்து பேசியது. "வெசம்னு சொல்லிட்டா எவனும் போவ மாட்டானில்ல. புருசன் போன துக்கத்துலயும் எடத்தக் காப்பாத்துது பாரு, கெட்டிக்காரி." அதில் பொறாமையோ கெட்ட எண்ணமோ இல்லை, மெச்சிக்கொள்ளும் குரல்தான். திரும்பி, "யாருய்யா அது?" என்று கத்தினேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "சும்மா பேசிக்கிட்டமுங்க டீச்சர்" என்றார் டீக்கடைக்காரர்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் இடியும் மழையுமாகக் கொட்டியது. மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அக்கா மண்வெட்டியோடு கிளம்பி நிற்கிறாள். காரியம் முடியும்வரை அவள் வாசல் தாண்டக் கூடாது. "யாரு என்ன சொன்னாலும் சொல்லட்டும். அந்த மண்ணையே கொத்திப் போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றாள். நானும் கூடப் போனேன்.

தொட்டிக்குப் பின்னால் தைலமரத்தடியில் ஈர இலைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் தெரிந்தன. பக்கத்தில் போன பிறகுதான் அவை காளான் இல்லை, கத்தியால் அறுத்தெடுத்த தண்டின் அடிக்கட்டைகள் என்று புரிந்தது. தேடிப் பார்த்தோம், ஒரு குடைகூட மிச்சமில்லை. யாரோ காலையிலேயே வந்து மொத்தமாக எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அன்று டீக்கடையில் யாருமே பையைத் திறந்து காட்டவில்லை என்று பிறகு தெரிந்தது.

அக்கா மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். வீடு வீடாகத் தட்டினோம். "காளான் எடுத்தீங்களா?" என்று கேட்டோம். "இல்லீங்களே" என்றார்கள். "எடுத்திருந்தா சொல்லுங்க, உசுரு விசயம்" என்றோம். "எங்க வூட்டுல ஆருமே போவலீங்க" என்றார்கள். அக்காவின் வெறும் நெற்றியைப் பார்த்ததும் சிலர் ஜன்னலைச் சாத்தினார்கள். நல்ல விளக்கு வைக்கும் நேரத்தில் இவள் ஏன் வாசலுக்கு வருகிறாள் என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். நான் அந்தக் கிழவியிடம் சண்டைக்குப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள். எல்லா வீட்டிலும் அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது.

கடைசியில் அவள் கதவைத் தட்டுவதை விட்டுவிட்டுத் தெரு நடுவில் நின்றாள்.

"எங்க எடுத்தீங்கன்னு கேக்கல! ஆரு எடுத்தீங்கன்னும் கேக்கல! ஆக்கி வெச்சிருந்தா கீழ கொட்டிடுங்க. எனக்கு அது போதும்!"

அவள் தொண்டை உடைந்துபோகும் வரை கத்தினாள். பிறகு நாலு வீடு தள்ளி ஒரு கதவு திறந்தது. தாயத்தில் எங்களோடு உட்காரும் பெண்தான். கையில் குழம்புச் சட்டியோடு படியிறங்கி வந்தாள். அக்கா ஓடிப்போய் அதைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை.

"மத்தியானமே தின்னுட்டமுங்க அக்கா" என்றாள் அந்தப் பெண். "வெசம்னு நீங்க சொன்ன எடத்துல நல்லதாத்தான் இருக்கும்னு நெனச்சிட்டமுங்க."

அவளுக்குப் பின்னால் வாசற்படியில் அவள் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் நல்ல தெம்பாக நின்றுகொண்டிருந்தார்கள்.